கத்தோலிக்கப் பங்குகளில் இளைஞர் பணி செய்பவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? என்னென்ன சவால்கள்?

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் ஒரு பங்கில், அதாவது ஒரு ஃபாதரின் பொறுப்பில் இருக்கும் கோவில் வட்டாரத்தில், ஆறு வருடம் இளைஞர் குழுவைப் பார்த்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது. பகலில் செல்போன் கடை, மாலையிலும் ஞாயிறும் கோவில். இந்தக் கேள்விக்கு செபம், தியானம், முகாம் என்று பலர் எழுதுவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பஸ் நேரம்தான்.

எங்கள் பங்கில் பெரும்பாலோர் தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பங்கள். தோட்டத்தின் ஒரு டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) அடுத்ததற்கும் நடுவே சோலை, சோலைக்குள் யானை. காலைப் பூசை முடிந்ததும் கூட்டம் வைத்தால் துணி துவைக்கணும், விறகு எடுக்கணும் என்று பெண் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். மூன்று மணிக்கு வைத்தால் ஐந்துக்குள் முடித்து, ஆளாளுக்கு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும். "தம்பி, நீங்க கூட்டிட்டு வருவீங்கன்னாதான் அனுப்புவேன்" என்று ஒரு அம்மா சொன்னால் அது மரியாதை மட்டுமல்ல, பொறுப்பும்கூட. 'ரோட்டுல கொம்பன் நிக்குது' என்று வாட்ஸப்பில் வந்துவிட்டால் பைபிள் பகிர்வு அங்கேயே ஆமென்.

ஃபாதர் மாறினால் எல்லாம் மாறும். ஒருவருக்குக் கால்பந்து, அடுத்தவருக்கு ஆராதனை. இரண்டையும் பழகிக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை.

காசு விஷயம் அப்படி இல்லை. டிசம்பரில் ஐந்து இரவு வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி கேரல் போவோம். பனியில் விரல் மரத்துப்போய் கிட்டார் கம்பியே தெரியாது. லயம் லயமாகப் பாடி, கொடுக்கிற பிளேன்டீயைக் குடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவோம். முதல் வருடம் வசூல் கணக்கில் 740 ரூபாய் உதைத்தது. ஜீப்புக்கு டீசல் போட்டேன், பில் வாங்கவில்லை, அவ்வளவுதான். பங்குப் பேரவையில் யாரும் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் டீயைக் கையில் எடுத்தார்கள். என் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டினேன். நீங்கள் இந்த வேலைக்கு வருவதாக இருந்தால் மெழுகுதிரிக்கும் பில் வாங்கிவிடுங்கள்.

சரி, உண்மையான சவாலுக்கு வருகிறேன். 2018-ல் ரோமில் இளைஞர்களைப் பற்றி நடந்த ஆயர் (பிஷப்) மாமன்றம் இளைஞர் என்றால் 16 முதல் 29 வயது என்று எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கம் அது 18-லேயே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு திருப்பூர், கோயம்புத்தூர் என்று பஸ் ஏறிவிடுவார்கள். தோட்டத்தில் புதிதாக வேலை இல்லை, இருக்கிற வேலைக்கும் கூலி போதாது. ஒவ்வொரு ஜூனிலும் எனக்குப் பாதிக் குழு காலி. பேரவையில் பெரியவர்கள், "இந்தக் காலத்துப் பசங்க கோவிலுக்கே வர்றதில்ல" என்பார்கள். அவர்கள் ஊரிலேயே இல்லை ஐயா! இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

மூன்றாம் வருடம் நானே திருப்பூர் போனேன். ராத்திரி பஸ், விடியற்காலை இறக்கம். ஒரே ரூமில் எங்கள் பையன்கள் ஐந்து பேர். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ராத்திரி ஷிப்டும் முடித்துப் படுத்திருந்தார்கள். வாளியில் ஒரு வாரத்துத் துணி ஊறிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "இங்க எந்தக் கோவிலுக்குப் போறீங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி போனபோது இரண்டு பேர் நான் வருவதற்கு முன்பே வெளியே போயிருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. வருகைப் பதிவேடு எடுக்கிற வாத்தியார் மாதிரிப் போயிருக்கிறேன்.

அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தேயிலைத் தூளும் ஊட்டி வர்க்கியும் கொண்டுபோவேன். டீ போட்டுக் குடிப்போம். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட் வருகிறது, அப்புறம் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா என்றுதான் பேச்சு போகும். அவர்களாகக் கேட்டால் கடைசியில் ஒரு சின்ன செபம். கேட்காத நாட்களும் உண்டு. இதை மறைமாவட்டத்துக்கு (பிஷப்பின் அலுவலகத்துக்கு) அனுப்பும் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. 'நடத்திய கூட்டங்கள்' என்ற கட்டத்தில் அந்த வருடம் நான்குதான் இருந்தது.

அந்த ஐவரில் ஒருவன் எங்கள் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவன். அதிகம் பேச மாட்டான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தான். நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டான்: "அண்ணே, பூசை முடிஞ்சதும் கீபோர்டுக்கு உறை போடுறாங்களா? பனி இறங்குனா நடுவுல ரெண்டு கட்டை ஒட்டிக்கும்." போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். ஊர் வந்ததும் பையை வைக்காமல் நேரே கோவிலுக்குப் போய்ப் பார்த்தேன். உறையைக் காணோம். கட்டை ஒட்டித்தான் கிடந்தது.