புரண்டு படுத்தாலே உயிர் போகிறது!

கேள்வி: எனக்கு இது 34-வது வாரம். கொஞ்ச நாளாக அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க எலும்பிலும், பின்னால் புட்டத்துக்கு மேலே ஒரு பக்கமும் சுளீர் சுளீர் என்று வலி. நடக்கும்போதுகூடச் சமாளித்துவிடுகிறேன், ராத்திரி புரண்டு படுக்கும்போதுதான் உயிர் போகிறது. சில சமயம் உள்ளே 'டக்' என்று சத்தம் வேறு. மாமியார் "நிறைமாசத்தில் வலிக்கத்தான் செய்யும், நல்லா நட" என்கிறார். கணவர் படுக்கையை விட்டே எழுந்திருக்காதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது இடுப்பு வளைய வலி. இதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, வலிப்பது உங்கள் எலும்பு மூட்டுகள். மாமியார் சொன்னதில் பாதி சரி. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பிரசவம் வரை ஓட்ட வேண்டும் என்று யார் சொன்னது? சீக்கிரம் கவனித்தால் நிறையவே குறையும்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்னால் ஒரு மூட்டு, பின்னால் முதுகெலும்பு வந்து சேரும் இடத்தில் இரண்டு மூட்டுகள். முன்மூட்டில் சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், கர்ப்பத்தில் அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரியும். எல்லோரும் ஹார்மோன் மேல் பழி போடுகிறார்கள், ஆனால் ஹார்மோன் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும்தான் சுரக்கிறது, எல்லோருக்கும் வலிப்பதில்லையே! மூன்று மூட்டுகளும் ஒத்து அசையாமல் ஒன்று இறுகி இன்னொன்று தளர்வது, வயிறு பெரிதாகி நிற்கும் வாகே மாறிப்போவது, எப்போதோ இடுப்பில் பட்ட அடி என்று பலதும் சேர்ந்துதான் வலியாகிறது.

ஒரு காலில் மட்டும் எடை விழும்போதும் கால்கள் அகலும்போதும் அந்த வளையத்தின் இரண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் இழுபடுகின்றன, வலி அங்கேதான் பிடிக்கிறது. எனவே இரண்டு கால்களும் ஜோடியாகவே போகட்டும். புரளும்போது முதலில் முழங்கால்களை மடக்குங்கள், இடையில் ஒரு மெல்லிய தலையணையை வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே சமயத்தில் திரும்பட்டும். தோளை முதலில் திருப்பிவிட்டு இடுப்பைப் பின்னால் இழுத்தால் அந்த 'டக்' நிச்சயம். வழுக்கலான துணியில் நைட்டி போட்டால் திரும்புவது இன்னும் சுலபம். எழுந்திருக்க, ஒருக்களித்தபடியே இரண்டு கால்களையும் சேர்த்துக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். பேண்ட், உள்ளாடை எல்லாம் உட்கார்ந்தே போடுங்கள், ஒற்றைக் காலில் நிற்கும் வித்தை இப்போது வேண்டாம். காரில் முதலில் உட்கார்ந்துவிட்டு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். மாடிப்படியில் ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த படி.

சரி, நடப்பதா படுப்பதா? இரண்டுமே முழுசாக வேண்டாம். சின்ன அடிகளாக, கொஞ்ச தூரம், வலி ஏறுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் பகலில் இழுத்துப்போட்டுச் செய்த வேலைக்கான வலி பெரும்பாலும் ராத்திரிதான் வந்து சேரும். நாளெல்லாம் படுத்தே கிடந்தால் தசைகள் தளர்ந்துபோகும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும்.

அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் சொல்லி, கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லுங்கள். புட்டத் தசைக்கும் இடுப்பின் அடித்தளத் தசைக்கும் அவர் கற்றுத்தரும் பயிற்சிகள்தான் உண்மையான மருந்து. பெல்ட் சிலருக்கு நன்றாக உதவும், ஆனால் அது வயிற்றை அமுக்காமல் வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பைச் சுற்றி இருக்க வேண்டும். மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பாரசிட்டமால். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகளை இந்த மாதத்தில் நீங்களாகப் போடவே கூடாது.

எல்லா வலியையும் இந்தக் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வலி விட்டு விட்டு ஒழுங்கான இடைவெளியில் வந்தாலோ, ரத்தமோ நீரோ கசிந்தாலோ, காய்ச்சல் அல்லது சிறுநீர் எரிச்சல் இருந்தாலோ, வயிறு கல் மாதிரி இறுகி வலி விடாமல் இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போய்ச் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எனக்கும் இதே வலி. இந்த நிலையில் சுகப்பிரசவம் ஆகுமா, சிசேரியன் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லதா?

பதில்: பெரும்பாலும் சுகப்பிரசவமே ஆகும். இந்த வலி ஒன்றுக்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவது அபூர்வம், அறுவைக்குப் பிறகு எழுந்து நடமாடுவதும் சுலபமில்லை. அதைவிட உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வலி தொடங்கும் வரை மட்டும் முழங்கால்களை அகட்டுங்கள், அந்த இடைவெளியை ஒருவர் டேப்பால் அளக்கட்டும். அந்த அளவை உங்கள் ஃபைலில் பெரிதாக எழுதி வையுங்கள், பிரசவ அறையில் இருப்பவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள். பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டால் இந்த வலியும் தெரியாது, அப்போது கால்களை அளவுக்கு மீறி அகட்டிவிட வாய்ப்பு உண்டு. அந்த எண் அப்போதுதான் கைகொடுக்கும். மல்லாந்து படுத்துக் கால்களைத் தூக்கிக் கட்டுவதைவிட ஒருக்களித்தோ, முழங்காலும் கையும் ஊன்றியோ முக்குவது மூட்டுக்கு இதம். கால்களைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி, ஒன்றாக இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மனைவிக்கு ஒன்பதாம் மாதம், இடுப்பு வலியால் தவிக்கிறாள். கால் அமுக்கிவிடலாமா? கணவனாக வேறென்ன செய்ய முடியும்?

பதில்: கீழ் முதுகையும் புட்டத்தையும் அவர் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது இதமாகப் பிடித்துவிடலாம். ஆனால் ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, சூடாக, வலித்தால் கையே வைக்காதீர்கள், அது ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே டாக்டர். மற்றபடி உங்கள் கைக்கு வேறு வேலை நிறைய உண்டு. வீடு துடைப்பது, சாமான் வண்டி தள்ளுவது, வாளி தூக்குவது, மூத்த குழந்தை இருந்தால் இடுப்பில் சுமப்பது, எல்லாமே ஒரு பக்கமாக இழுக்கும் வேலைகள், அத்தனையையும் அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த மறுநாளே விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி போய்விடும், சிலருக்கு நீடிக்கும், நீடித்தால் மறுபடியும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போங்கள்.