ஆளில்லாத நேரத்து மின்சாரம்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழலுக்காக ஒரு குழு அமைத்திருக்கிறார்கள், மாணவர் தரப்பில் நானும் இருக்கிறேன். இதுவரை மரம் நடுவது, சுவரொட்டி ஒட்டுவது, சைக்கிள் தினம் என்றுதான் பேசியிருக்கிறோம். எங்கே ஆரம்பித்தால் உண்மையில் பலன் கிடைக்கும்?

பதில்: மரம் நடுங்கள், நல்ல காரியம்தான். ஆனால் அடுத்த கூட்டத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி மின் மீட்டர் இருக்கிறதா என்பதை. பல வளாகங்களில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பில்தான் வரும். எந்தக் கட்டடம் எவ்வளவு இழுக்கிறது என்று பில் கட்டுகிறவருக்கே தெரியாது. துணை மீட்டர் மாட்டச் சொல்லுங்கள், அப்புறம் ஒரு விடுமுறை நாளில் இரவு இரண்டு மணிக்கு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். வகுப்பறையில் ஆள் இல்லை, நூலகம் பூட்டியிருக்கிறது, ஆனாலும் ஏசியும் காற்றோட்ட விசிறிகளும் வெந்நீர்த் தொட்டிகளும் பகலில் ஓடியதுபோலவே ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் பயன்படாமல் போகும் அந்த மின்சாரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அதை நிறுத்தினால் யாருடைய வேலையும் கெடாது, யாரிடமும் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்ல வேண்டியதும் இல்லை.

விசிறிகளை முழுக்க நிறுத்த முடியாத இடத்தில் வேகத்தைக் குறைத்தாலே போதும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரமும் 20 சதவீதம்தான் குறையும் என்று நினைப்போம், ஆனால் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. விசிறிக்குத் தேவைப்படும் மின்திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதுதான் காரணம் (0.8 × 0.8 × 0.8 = சுமார் 0.5). பெரிய காற்றோட்டக் கருவிகளில் வேகக் கட்டுப்பாடு பொருத்துவது வெளியில் தெரியாத வேலை, புகைப்படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது, அதனாலேயே தள்ளிப்போடுகிறார்கள்.

மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் விடுதிகளுக்கு இடையே போட்டி வைக்கலாம். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 2005-ல் இரண்டு வாரம் அப்படி ஒரு போட்டி நடந்தது, விடுதிகளின் மின் பயன்பாடு சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. தங்கள் விடுதி எவ்வளவு செலவழிக்கிறது என்பது மாணவர்கள் கண்ணில் பட்டதும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் அது போட்டியின் வேகம், ஆண்டு முழுவதும் அப்படியே நிற்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. எங்கள் ஆய்வகக் கட்டடம்தான் வளாகத்திலேயே அதிக மின்சாரம் எடுக்கிறதாம். சோதனைகளைக் கெடுக்காமல் எதைக் குறைக்க முடியும்?

பதில்: நிறைய முடியும். முதலில் ஃபியூம் ஹூட், அதாவது நச்சுப் பொருட்களை வைத்து வேலை செய்யும், புகையை உறிஞ்சும் கூண்டு. நச்சுப் புகையை மட்டுமல்ல, குளிரூட்டியோ சூடாக்கியோ வைத்த அறைக் காற்றையும் அது உறிஞ்சி வெளியே தள்ளுகிறது, அந்த இடத்துக்குப் புதுக் காற்றைக் கொண்டுவந்து மறுபடி பதப்படுத்த வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு ஹூட் ஓர் ஆண்டில் எடுக்கும் ஆற்றல், சுமார் மூன்று அமெரிக்க வீடுகளின் தேவைக்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் முன்பக்கக் கண்ணாடிக் கதவை இறக்கிவிடுங்கள், பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் ஹூட் கதவின் உயரத்துக்கு ஏற்பக் காற்றைக் குறைத்துக்கொள்ளும் வகையா, எப்போதும் ஒரே அளவு இழுக்கும் வகையா? இரண்டாவது வகை என்றால் கதவை இறக்குவதால் மின்சாரம் மிச்சமாகாது, கருவியையே மாற்ற வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். எதையும் நீங்களாக அணைத்துவிடாதீர்கள், பாதுகாப்பு அதிகாரியிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி. அதை மைனஸ் 70-க்கு மாற்றினால் ஏறக்குறைய 30 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும், பல மாதிரிகளுக்கு அந்தக் குளிரே போதும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் பல ஆய்வகங்கள் இப்படி மாற்றியிருக்கின்றன. உங்கள் மாதிரிகளுக்கு இது பொருந்துமா என்பதை வழிகாட்டியுடன் பேசி முடிவு செய்யுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள், படித்து முடித்துப் போனவர்களின் பெயர் தெரியாத குப்பிகள் எப்படியும் கிடைக்கும். அவற்றை விதிப்படி அகற்றினால் சில நேரம் ஒரு பெட்டியையே நிறுத்திவிடலாம். பெட்டி வெளியே விடும் வெப்பத்தைக் குளிர்விக்க ஏசி செலவழிக்கும் மின்சாரமும் அதோடு போகும்.

கேள்வி: நிதிப் பிரிவில் வேலை செய்கிறேன். எல்லாரும் நல்ல யோசனைதான் சொல்கிறார்கள், ஆனால் பணத்துக்கு எங்கே போவது?

பதில்: சுழல் நிதி வையுங்கள். ஒரு தொகையை ஒதுக்கி, அதிலிருந்து துறைகளுக்குக் கடன் கொடுப்பது, மின் பில்லில் மிச்சமாகும் பணம் மறுபடி அந்த நிதிக்கே வந்து அடுத்த வேலைக்குப் போவது. ஹார்வர்டில் 1.2 கோடி டாலர் அளவுக்கு இப்படி ஒரு நிதி நடந்தது. இதில் மிச்சம் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம், எழுத்தில் விதி இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டே கரைந்துவிடும்.

பெரிய முதலீட்டுக்கும் பயப்படாதீர்கள், பழைய கொதிகலன் ஆயுள் முடியும் நேரம்தான் நல்ல தருணம். ஸ்டான்ஃபோர்டு 2015-ல் எரிவாயுவில் ஓடிய தன் மின்–வெப்ப நிலையத்தை மூடிவிட்டு, சில கட்டடங்களைக் குளிர்விக்கும்போது வீணாகும் வெப்பத்தைப் பிடித்து, அதே நேரம் சூடு தேவைப்படும் கட்டடங்களுக்கு அனுப்பும் முறைக்கு மாறியது. சூரிய மின்சாரத்தையும் சேர்த்து அதன் கார்பன் வெளியேற்றம் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்தது. அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் பழைய நிலக்கரிக் கொதிகலன்களுக்குப் பதிலாக, 2009-ல் வேலையைத் தொடங்கி, சுமார் 3,600 ஆழ்துளைகள் போட்டு நிலத்தடி வெப்பத்துக்கு மாறியது.

கேள்வி: கார்பன் ஈட்டுறுதி, அதாவது வேறு இடத்தில் நடக்கும் கார்பன் குறைப்புக்குப் பணம் கொடுத்து அதை நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் சான்று வாங்கி, உடனே ‘கார்பன் சமநிலை வளாகம்’ என்று அறிவித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2025-க்குள் சமநிலை என்று 2013-ல் அறிவித்தது. பிறகு 2023-ல் இலக்கை மாற்றி, ஈட்டுறுதியை நம்பாமல் 2045-க்குள் தன் வெளியேற்றத்தையே 90 சதவீதம் குறைப்பது என்று முடிவு செய்தது. அத்தனை வளம் உள்ள அமைப்பே அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஈட்டுறுதிக்கு வைத்திருக்கும் பணத்தை மேலே சொன்ன சுழல் நிதியில் போடுங்கள். கருத்தரங்கு விமானப் பயணங்களையும் துறைவாரியாகக் கணக்கெடுக்கத் தொடங்குங்கள், அந்தச் சீட்டுகள் எல்லாம் ஏற்கெனவே உங்கள் நிதிப் பிரிவில்தான் இருக்கின்றன.