ஐந்து பவுனும் நான்கு ஜூனும்

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கணவர் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், சம்பளம் 26,000. நான் வீட்டில் தையல் போடுகிறேன், மாதம் ஆறாயிரம் வரும். மகள் இரண்டாம் வகுப்பு, மகன் எல்கேஜி. 2022 ஜூனில் ஸ்கூல் ஃபீசுக்காக என் ஐந்து பவுனை (மூன்று பவுன் செயின், இரண்டு வளையல்) ஃபைனான்சில் 80,000-க்கு அடகு வைத்தோம். இன்று வரை திருப்ப முடியவில்லை. வருடாவருடம் ஜூனில் மாற்றி வைக்கிறோம். 2023-ல் 1,10,000, 2024-ல் 1,60,000, 2025-ல் 2,40,000. செயின் ஒரு கார்டில் ஒன்றரை லட்சம், வளையல் இன்னொரு கார்டில் 90 ஆயிரம். ஒன்றரை வட்டி. வைகாசியில் நாத்தனாரின் இரண்டாவது பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீராக ஒரு பவுன் செயின் எதிர்பார்க்கிறார்கள். ஃபைனான்சில் இருந்து போன் செய்து, இன்றைய விலைக்கு இன்னும் ஒரு லட்சம் தரலாம் என்கிறார்கள். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் மகன் பெயரில் மாதம் 3,000 கட்டி ஒரு கல்விப் பாலிசி போடச் சொல்கிறார். நகைச்சீட்டு மாதம் 4,000 கட்டுகிறேன், இந்த மாதத்தோடு 11 தவணை முடிகிறது. என் அண்ணன் ஒரு லட்சம் கைமாற்று தருகிறேன் என்கிறார், வாங்கத் தயக்கமாக இருக்கிறது. பாலிசி போடலாமா? சீருக்கு என்ன செய்வது?

பதில்: சகோதரி, பாலிசியைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது "மாற்றி வைக்கிறோம்" என்ற வார்த்தை. கவுன்ட்டரில் இருக்கும் பையன் பழைய கார்டைக் கிழித்துவிட்டுப் புதுக் கார்டு எழுதித் தருகிறான், கையில் கொஞ்சம் பணமும் வருகிறது. புதிதாகக் கடன் வாங்கியதுபோலவே தோன்றுவதில்லை. நான்கு வருடமாக நடப்பது இதுதான்.

ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். 2022-ல் வாங்கிய 80,000-க்கு ஒரு வருட வட்டி 14,400. அடுத்த ஜூனில் 1,10,000-க்கு மாற்றி வைத்தீர்கள். முப்பதாயிரம் கூடக் கிடைத்தது என்று நினைத்திருப்பீர்கள். பழைய அசல் 80,000, வட்டி 14,400 போக, அன்றைக்குக் கைக்கு வந்தது 15,600 ரூபாய்தான். 2024-ல் ஐம்பதாயிரம் கூட்டி வைத்தபோது கைக்கு வந்தது 30,200. 2025-ல் எண்பதாயிரம் கூட்டியதில் 51,200. எல்லாவற்றையும் கூட்டினால் நீங்கள் உண்மையில் வாங்கிச் செலவு செய்த பணம் 1,77,000. கார்டில் இருப்பது 2,40,000. நடுவில் நிற்கும் 63,000-ஐ நீங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, வட்டி கட்டவே கடன் வாங்கியிருக்கிறீர்கள். வரும் ஜூனில் இன்னொரு 43,200 சேரும்.

இது எப்படி இத்தனை காலம் ஓடியது என்றால், பவுன் விலை ஓடியதால். 2022 ஜூனில் பவுன் சுமார் 38,000. 2025 ஜூனில் சுமார் 72,000. 2025 கடைசியில் லட்சத்தையும் தாண்டிவிட்டது. அதே ஐந்து பவுன்தான், ஒரு குண்டுமணிகூடக் கூடவில்லை. ஆனால் வருடாவருடம் அதன்மேல் கூடுதல் கடன் தர ஃபைனான்ஸ்காரர் தயாராக இருந்தார். விலை ஏறாமல் இருந்திருந்தால் 2023-லேயே "வட்டியைக் கட்டுங்கள் அல்லது நகையைத் திருப்புங்கள்" என்று சொல்லியிருப்பார்கள், நீங்களும் எப்படியோ திருப்பியிருப்பீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் ரிசர்வ் வங்கியின் புது விதி வேறு இருக்கிறது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை, ஐந்து லட்சம் வரை என்றால் 80 சதவீதம் வரை தரலாம். அதற்கு முன் 75 சதவீதம்தான். அதே விதியில், சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் கடனைப் புதுப்பிக்கலாம் என்றும் இருக்கிறது. அதைச் சொல்ல யாரும் உங்களுக்குப் போன் செய்ய மாட்டார்கள். "இன்னும் ஒரு லட்சம் தரலாம் மேடம்" என்ற போன்தான் வரும். அந்த ஒரு லட்சத்தை வாங்கினால், இன்றைக்குச் சேர்ந்திருக்கும் எட்டு மாத வட்டியோடு கடன் சுமார் 3,69,000 ஆகும். வட்டி மட்டும் மாதம் ஐந்தரை ஆயிரம்.

இத்தனைக்கும் உங்கள் வருமானம் பற்றாக்குறை வருமானம் இல்லை. நீங்கள் அனுப்பிய கணக்குப்படி மாதச் செலவு 23,000, மீதி 9,000 நிற்க வேண்டும். ஜூனில் இரண்டு பேருக்கும் ஃபீஸ் 37,000, நோட்டு, யூனிஃபார்ம், ஷூ, பை 9,000. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாறி மாறிக் காய்ச்சல், நெபுலைசர், டாக்டர் என்று ஐந்தாயிரம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர ஆறாயிரம். ஊரில் பங்குனிப் பொங்கல் திருவிழாவும் கோடை லீவும் எட்டாயிரம். விசேஷ வீடுகளுக்குச் செய்முறை ஏழாயிரம். மொத்தம் 72,000, மாதத்துக்கு ஆறாயிரம். தீபாவளி போனசோடு முடிந்துவிடுகிறது. ஆக மாதம் மூவாயிரம் மிஞ்சுகிற குடும்பம் இது. மழை, பரீட்சை, லீவு எல்லாம் வருடாவருடம் அதே தேதிக்கு வருகின்றன. ஆனாலும் மே மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து மெசேஜ் வரும்போதுதான் ஜூன் உங்களுக்கு ஞாபகத்துக்கு வருகிறது. நோட்டுக்குப் பிரவுன் பேப்பர் போடும் ராத்திரியில் நானும் என் மனைவியும் இதே சண்டையைப் போட்டிருக்கிறோம். மகன் லேபிள் தாளின்மேலேயே தூங்கிவிட்டான், நாங்கள் கணக்கை முடிக்கவில்லை. அதனால் உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, காலை உணவு என எல்லாம் இலவசம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சொந்த நகை 18 சதவீத வட்டியில் அடகில் கிடக்கும்போது, புது நகைக்கு மாதம் 4,000 சீட்டுக் கட்டுவதில் என்ன நியாயம்? ஒரு கடையில் தங்கம் சேர்கிறது, இன்னொரு கடையில் தங்கம் கரைகிறது. கடைக்காரர் தரும் செய்கூலி சலுகையை வட்டி எப்போதோ தின்றுவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது. இரண்டு வளையலையும் விற்றுவிடுங்கள். ஆமாம், விற்கத்தான் சொல்கிறேன். தாலியை விற்கச் சொல்லவில்லை. செயினை விற்கவும் சொல்லவில்லை.

அண்ணனின் ஒரு லட்சத்தைத் தயங்காமல் வாங்குங்கள், ஆனால் ஒரு வாரத்துக்கு மட்டும். வளையல் கார்டுக்கு அசல் 90,000, எட்டு மாத வட்டி 10,800. அண்ணன் பணத்தோடு கையிலிருந்து 800 போட்டு வளையலைத் திருப்புங்கள். பழைய பில் இருந்தால் எடுத்துக்கொண்டு, வாங்கிய கடைக்கே போங்கள். "அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம்" என்று போர்டு வைத்திருக்கும் இடங்கள் வேண்டாம். அவசரத்தில் இருப்பவரிடம் எடையிலும் தரத்திலும் எவ்வளவு கழிப்பார்கள் என்று சொல்ல முடியாது. பவுன் லட்சம் என்றே குறைத்து வைப்போம், கழிவு போக இரண்டு வளையலுக்கு 1,90,000 வந்தால் போதும். பணத்தை பேங்க் கணக்கில் வாங்குங்கள். அதிலிருந்து செயின் கார்டு அசல் ஒன்றரை லட்சம், வட்டி 18,000, ஆக 1,68,000 கட்டிச் செயினையும் திருப்புங்கள். கையில் 22,000 இருக்கும். அன்றைக்கே செயினை ஒரு பொதுத்துறை வங்கியில் 78,800-க்கு மட்டும் வையுங்கள். மேலாளர் "இதுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேலயே கிடைக்குமே" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தையும் 22,000-ஐயும் சேர்த்து அண்ணன் கடனை முடியுங்கள். மிச்சம் 800, நீங்கள் கையிலிருந்து போட்டது.

வங்கியில் வட்டி 9 முதல் 10 சதவீதம் இருக்கும், மாதம் 660 ரூபாய்க்குள். மிஞ்சுகிற மூவாயிரத்தை அதில் கட்டுங்கள். நகைக்கடனில் இடையிடையே அசலில் கட்டலாம். போனசில் வருடம் பத்தாயிரமும் போகட்டும். மொத்த விலைத் துணிக் கடைகள் இருக்கும் காதர்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தீபாவளித் துணிக்கு 14,000 எதற்கு? இரண்டு வருடத்தில் செயின் வீட்டுக்கு வந்துவிடும். வங்கிக் கடனும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் என்பதால் நடுவில் ஒருமுறை புதுப்பிக்க வேண்டிவரும். அப்போது மீதி இருக்கும் தொகைக்கு மட்டும் புதுப்பியுங்கள், ஒரு ரூபாய்கூடக் கூட்டாதீர்கள்.

"விலை ஏறும்போது யாராவது விற்பார்களா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஏறியது உண்மை, 18 சதவீத வட்டியையும் தாண்டி ஏறியது. ஆனால் அந்த ஏற்றத்தை ஒவ்வொரு ஜூனிலும் கடனாக வாங்கிச் செலவு செய்தாயிற்று. இனியும் இப்படியே ஏறும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். 2012 கடைசியில் சுமார் 24,000 ஆக இருந்த பவுன், 2018-லும் கிட்டத்தட்ட அங்கேயேதான் நின்றது. அப்படி ஒரு ஆறு வருடம் மறுபடி வந்தால் மாற்றி வைக்கிற வித்தை முதல் வருடமே நின்றுவிடும், நகை ஏலத்துக்குப் போகும். ஏறினால் மூன்று பவுன் செயின் உங்களிடம் இருக்கத்தானே செய்கிறது.

அப்புறம் சீர். 11 தவணைக்கு 44,000 ரூபாய், இன்றைய விலையில் மூன்று கிராம் சொச்சம் வரும். அதில் பையனுக்கு நல்லதாக ஒரு ஜோடிக் கம்மல் எடுங்கள். காதுகுத்துக்குக் கம்மல்தானே முறை? அத்தோடு சீட்டை நிறுத்துங்கள். ஒரு பவுன் செயின் என்றால் செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் நன்றாக மேலே போகும். "நாளைக்கு நமக்கும் திரும்பி வரும்" என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வராது. மொய் நோட்டில் எழுதும் செய்முறை வேறு, தாய்மாமன் சீர் வேறு. உங்கள் மகளின் சடங்குக்குத் தாய்மாமனாகத் தட்டு எடுத்து வரப்போவது உங்கள் அண்ணன், இப்போது ஒரு லட்சம் தருகிறேன் என்கிறாரே, அவர்தான். நாத்தனார் அத்தை முறைக்கு ஏதாவது செய்வார், அவ்வளவே. இந்தப் பேச்சை நீங்கள் எடுக்கக் கூடாது. எடுத்தால் "வந்தவள் தடுத்துவிட்டாள்" என்று ஆகும். உங்கள் வீட்டுக்காரரே அக்காவிடம் நேரில் போய், வளையலை விற்றுக் கடன் அடைத்ததைச் சொல்லட்டும். போனில் சொல்ல வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம்.

பாலிசி வேண்டாம். கடன் முடியும் வரை எந்த ஏஜென்டையும் வீட்டுக்குள் உட்கார வைத்துக் காபி கொடுக்காதீர்கள். 18 சதவீதம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு 15 வருடப் பாலிசியை விற்க வருபவர் தன் கமிஷனைத்தான் பார்க்கிறார். கணவரின் நண்பர்கள் ஆப்பில் தினம் பத்து ரூபாய்க்கு டிஜிட்டல் கோல்டு வாங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது தன் கண்காணிப்பில் வராத சரக்கு என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்தது. மகளுக்கு மட்டும் ஒன்று செய்யலாம். அஞ்சலகத்தில் 250 ரூபாய் கட்டிச் செல்வமகள் கணக்கு ஆரம்பித்து வையுங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், 2026 தொடக்கத்தில் 8.2 சதவீதம் தந்தார்கள். இரண்டு வருடத்துக்கு வருடம் 250 மட்டும் போதும். செயின் வந்தபிறகு அந்த மூவாயிரத்தை அங்கே திருப்பிக்கொள்ளலாம்.

இந்த ஜூனுக்கு வருவோம். மார்ச்சில் இருந்து மாதம் 6,000 தனியாக ஒரு கணக்கில் போட்டால் ஜூனில் 24,000 இருக்கும். ஃபீஸின் முதல் தவணைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் அது போதும். மீதியை செப்டம்பரிலும் ஜனவரியிலும் கட்டுகிறோம் என்று இப்போதே பள்ளியில் ஒரு கடிதம் கொடுங்கள். ஜூலையில் இருந்து அதே ஆறாயிரத்துக்கு ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். பள்ளி அலுவலகத்துக்கு நீங்களே போவதானால் முழுப் பரீட்சை முடிவதற்குள் போய்விடுங்கள். லீவு விட்டபிறகு அங்கே வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார்.