பதில்: மகளின் டி-ஷர்ட் டிசைனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

வணக்கம் சகோதரி. கறுப்பின வரலாற்று மாதப் போட்டிக்கு உங்கள் மகள் நெட்டிலிருந்து எடுத்த மார்ட்டின் லூதர் கிங் படத்தையும் அவர் பேச்சின் வரியையும் வைத்திருக்கிறாள்; 'சொந்த டிசைன் வேண்டும்' என்று ஆசிரியர் திருப்பிவிட்டார், ஒரு வாரம்தான் இருக்கிறது என்கிறீர்கள். ஆசிரியர் சொன்னது நியாயம்தான். அந்தப் பேச்சுக்குக் காப்புரிமை உண்டு. கிங் குடும்பத்தார் அதில் மிகக் கண்டிப்பு.

உடைப் போட்டிதானே, உடை தைத்த ஒருவரைப் பற்றியே மகளை வரையச் சொல்லுங்களேன். ஆன் லோ என்று ஒரு கறுப்பினப் பெண்மணி, அலபாமாக்காரர். 1953-இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியை மணந்த ஜாக்குலினின் கல்யாண கவுனைத் தைத்தவர். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு கடையில் தண்ணீர்க் குழாய் வெடித்து, கவுனும் தோழிப்பெண்களின் உடைகளும் பாழாகிவிட்டன. யாரிடமும் சொல்லாமல் சொந்தச் செலவில் மறுபடி தைத்துக் கொடுத்தார். அப்போது அவர் பெயர் வெளியே தெரியவே இல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த கவுனின் படத்தில் பாவாடைப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வட்டத்துக்குள் வட்டமாக மடிப்புப் பட்டைகள். அந்த வட்டங்களையும் ஓர் ஊசியையும் மட்டும் அவள் கையாலேயே வரையட்டும்; அடியில் ஆன் லோவின் பெயர்.

நான் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இருப்பவன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச் சட்டம்) வேண்டும், அதனால் இரண்டு நிறத்தோடு நிறுத்துங்கள். கோடு ரொம்ப மெல்லிசாக இருந்தால் துணியில் விழாது. வரைந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.