வாசகர் கேள்வி – பதில்: வேலையை விட்டுட்டு மனித உரிமை ஸ்டோரி பண்ணப் போலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. ஏழு வருஷமா டெஸ்க்ல சப் எடிட்டரா இருக்கேன். கஸ்டடி மரணம், கொத்தடிமை, காணாமப் போனவங்க பத்தி நானே ஃபீல்டுக்குப் போய் எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை. வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் புலனாய்வு நிருபர் ஆனா தாக்குப் பிடிக்க முடியுமா?

பதில்: முடியும் தம்பி, ஆனா வேலையை விட்டுட்டு ஸ்டோரி தேடாதீங்க, ஒரு ஸ்டோரி கைக்கு வந்ததும் வேலையை விடுங்க. வியட்நாம்ல அமெரிக்க ராணுவம் நடத்தின மை லாய் கிராமத்துப் படுகொலைய 1969 நவம்பர்ல வெளிய கொண்டு வந்த சீமோர் ஹெர்ஷ் அப்ப ஃப்ரீலான்ஸர்தான். லைஃப், லுக்னு பெரிய பத்திரிகைங்க வேணாம்னு சொல்லிடுச்சு, டிஸ்பாட்ச் நியூஸ் சர்வீஸ்னு ஒரு சின்ன ஏஜென்சி மூலமாதான் அது பேப்பர்கள்ல வந்துச்சு, 1970ல அமெரிக்காவோட பெரிய பத்திரிகை விருதான புலிட்சர் வாங்கினார். எல்லாரும் அந்தப் புலிட்சரைத்தான் சொல்வாங்க. எனக்கு முக்கியமாப் படுறது, அவர் அலையுறதுக்கு ஆரம்பத்துல கை கொடுத்தது ஒரு ஃபண்ட் குடுத்த 250 டாலர் கிராண்ட்ங்கறது. பின்னாடி யாராவது ஒருத்தர் இல்லாம இந்த வேலை நடக்காது.

ஒரு ஸ்டோரிக்கு நாலஞ்சு மாசம் அலையணும், காசு பப்ளிஷ் ஆனப்புறம்தான் வரும், அதுவரைக்கும் டிரான்ஸ்லேஷனோ எடிட்டிங்கோ ஏதாவது ஒண்ணு கைல இருக்கணும். ஆனா நீங்க எழுதப்போற விஷயத்துலயே வேலை செய்யுற தொண்டு நிறுவனத்துகிட்ட சம்பளம் வாங்காதீங்க, நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேக்கப்போறதே அதைத்தான். பயணச் செலவையும் ஸ்டோரி நின்னு போனா எவ்வளவு தருவாங்கங்கறதையும் முன்னாடியே மெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க. அப்புறம் கான்ட்ராக்ட்ல 'வழக்கு வந்தா எழுதினவரே பொறுப்பு'ன்னு ஒரு வரி எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், அதைப் பாக்காம கையெழுத்துப் போடவே போடாதீங்க. மால்டால ஊழலை எழுதின நிருபர் டாஃப்னி கருவானா கலீசியாவை 2017 அக்டோபர் 16ல கார்ல குண்டு வெச்சுக் கொன்னப்ப அவங்க மேல நாப்பதுக்கும் மேல அவதூறு வழக்கு நிலுவைல இருந்துச்சு. கொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே கோர்ட்டுக்கு இழுத்தடிச்சு ஓய வெக்கப் பாத்திருக்காங்க. இந்த மாதிரி வாயடைக்கிற வழக்குகளுக்கு எதிரா ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் கொண்டு வந்ததே 2024லதான்.

கேள்வி: பாதிக்கப்பட்டவங்களே பேச சம்மதிச்சுட்டா அப்புறம் என்ன சிக்கல்?

பதில்: இதுக்கு என் அனுபவத்தையே சொல்றேன். ஆரம்பத்துல ஒரு அம்மாகிட்ட பேசினேன், பையனை விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனவங்க திருப்பி அனுப்பல. போட்டோ போடலாம்னு அவங்களே சொன்னாங்க, நான்தான் பாதுகாப்புக்காக முகத்தை மறைச்சேன், பேரை மாத்தினேன், எல்லாம் சரியா பண்ணிட்டதாதான் நினைச்சேன். ஸ்டோரி வந்த ரெண்டாவது நாள் ஃபோன் பண்ணாங்க. "எம் மூஞ்சிய மறைச்சியேம்மா, எங்க வீட்டுக் கதவ மறைக்கலையே"ன்னாங்க. பச்சைக் கதவு, கீழ்மூலைல பலகை உடைஞ்சு தகரம் அடிச்சிருக்கும், அந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச கதவு. அன்னிக்கு ராத்திரியே யாரோ வந்து அதைத் தட்டியிருக்காங்க. அவங்க அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு மாசம் இருந்தாங்க, எனக்கு அந்த ரெண்டு மாசமும் சோறு இறங்கல.

சம்மதம்ங்கறது ஒரு தடவை வாங்கி பாக்கெட்ல போட்டுக்கற விஷயம் இல்ல. பேசும்போது கேளுங்க, எழுதி முடிச்சதும் அவங்க சொன்ன பகுதியப் படிச்சுக் காட்டிக் கேளுங்க, அச்சுக்குப் போறதுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை கேளுங்க. அவங்க வேணாம்னா எடுத்துருங்க, ஸ்டோரியே விழுந்தாலும் சரி. 2015ல ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவன நிருபர்கள் இந்தோனேசியாவுல பெஞ்சினா தீவுல கூண்டுல அடைச்சு வெச்சிருந்த மீன்பிடி அடிமைகளைக் கண்டுபிடிச்சாங்க. கைல அவ்ளோ பெரிய ஸ்டோரி இருந்தும், பேட்டி குடுத்தவங்கள அங்கிருந்து பத்திரமா வெளிய எடுத்த பிறகுதான் போட்டாங்க. அதுக்கப்புறம் விடுதலையானவங்க 2000 பேருக்கு மேல. முந்திப் போடணும்னு அவசரப்பட்டிருந்தா பேசின அந்த ஆளுங்க கதி என்னன்னு நினைச்சாலே பதறுது.

கேள்வி: ஃபோன், சோர்ஸ் பாதுகாப்பு பத்தி ரெண்டு வார்த்தை?

பதில்: சிக்னல் ஆப் யூஸ் பண்ணுங்க, மெசேஜ் தானா அழியற டிஸப்பியரிங் மெசேஜ் வசதிய ஆன்ல வைங்க. போட்டோவை அனுப்புறதுக்கு முன்னாடி லொக்கேஷன் டேட்டாவ நீக்கிருங்க. ஆனா நாம எந்த லிங்கையும் தொடாமலேயே ஃபோனுக்குள்ள பூந்துடுற பெகாசஸ் மாதிரி உளவு பாக்குற ஸ்பைவேர் இருக்குன்னு 2021லயே உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு, அதனால ரொம்ப ஆபத்துல இருக்கற ஆளைப் பாக்கப் போறப்ப ஃபோனை வீட்டுலயே வெச்சுட்டு நோட்டு பேனாவோட போங்க. நோட்டுல நிஜப் பேர் எழுதாதீங்க. எங்க போறீங்க, எத்தனை மணிக்குத் திரும்பணும், வரலைன்னா யாருக்குக் கூப்பிடணும்னு நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிட்டுக் கிளம்புங்க.