வாசகர் கேள்வி: உஷா செய்தது சரியா?

கேள்வி: வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 'அந்த நாள்' படம் பார்த்தோம். நாட்டைக் காட்டிக்கொடுத்த புருஷன் ராஜனை உஷா சுட்டது சரிதான் என்றேன். மாமியாருக்கு மனசே ஒப்பவில்லை, "என்ன இருந்தாலும் தாலி கட்டினவன்" என்கிறார். அப்பத்தாவோ, "ஜப்பான்காரனுக்குத் துப்புச் சொன்னவனுக்கு என்ன பாவம் பாக்குறீக?" என்று சத்தம் போட்டார். நீங்கள் யார் பக்கம்?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அப்பத்தாவின் கோபம் நன்றாகவே புரிகிறது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தபோது கடை, வயல், கொடுத்த கடன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு காடு மலை தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் செட்டிநாட்டில் எத்தனையோ பேர், அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு ராஜன் வெறும் சினிமா வில்லனாகத் தெரியமாட்டான்.

எனக்கு அந்தப் படத்தில் பயமாக இருப்பது அவனுடைய கர்வம். ரேடியோ இன்ஜினீயர், நிஜமாகவே மூளைக்காரன், தன் திறமையை இங்கே யாரும் மதிக்கவில்லை என்று உள்ளுக்குள் புகைந்து புகைந்து கடைசியில் எதிரிக்கு உளவு சொல்லும் இடம்வரை போய்விடுகிறான். தன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கத் தெரியாதவன் வீட்டில் மனைவியை மட்டும் எப்படிப் பார்ப்பான்? உஷா இருக்கும்போதே அம்புஜம் என்ற இன்னொருத்தியோடும் உறவு.

அப்புறம் விசாரணையைக் கவனியுங்கள். ஜாவர் சீதாராமன் (திரைக்கதையும் அவர்தான்) துப்பறியும் அதிகாரியாக வந்து ஒவ்வொருவரையும் கேட்கக் கேட்க, ஆளாளுக்கு இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். ராஜனின் தம்பி பட்டாபி தன் சொந்த மனைவியையே சந்தேகப்படுகிறான்! அந்த ஒரு இடத்திலேயே இன்னொரு கல்யாணத்தின் லட்சணமும் வெளியே வந்துவிடுகிறது. எல்லோருடைய சந்தேகத்துக்கும் பின்னால் பணமோ பொறாமையோ மனத்தாங்கலோ இருக்கிறது. உஷாவின் சந்தேகத்துக்கு மட்டும்தான் ஆதாரம் இருந்தது, அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவளுக்கு அவன்மேல் இருந்த அன்பு போகவில்லை.

அதனால் உஷா பக்கம்தான் நான். ஆனால் மாமியாரை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொல்கிற அந்த வலியும் உஷாவாக நடித்த பண்டரிபாயின் முகத்தில் இருக்கிறது, ஜெயித்தவள் முகமாக அது எங்கேயும் தெரியாது. இன்னொரு தடவை பார்த்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிக் காட்சியைப் பாருங்கள்.

கேள்வி: பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' படத்தை எடுக்க அந்தக் காலத்தில் எப்படித் துணிந்தார்கள்?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: பாட்டு, நடனம், சண்டை மூன்றும் கிடையாது, வருடம் 1954! வீணை எஸ். பாலசந்தர் இயக்கினார், பாட்டு வேண்டாம் என்று சொன்னவர் அத்தனை பெரிய சங்கீதக்காரர் என்பதை நினைத்துப் பாருங்கள். பணம் போட்டவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரர், காரைக்குடி ஏவி. மெய்யப்பச் செட்டியார். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ கொட்டகை போட்டு, பாரதியார் பாடல்களோடு 'நாம் இருவர்' எடுத்து 1947-ல் வெளியிட்ட அதே மனிதர். பாட்டால் ஜெயித்தவர் பாட்டில்லாத படத்துக்குச் சம்மதித்திருக்கிறார், அது பெரிய விஷயம். வசூல் சரியாக வரவில்லை, தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.