"ஆடு என்ன பண்ணுச்சு?"ன்னு பையன் கேட்டா என்ன சொல்றது?

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 11 வயசு. எங்கம்மா வீட்டுல ஒரு வெள்ளாட்டுக் குட்டி, தாய் செத்துப்போச்சுன்னு லீவு பூரா இவன்தான் பாட்டில்ல பால் குடுத்து வளர்த்தான். போன மாசம் சண்டே கிளாஸ்ல லேவியராகமம் முதல் அதிகாரம் எடுத்திருக்காங்க. ஆட்டை வெட்டி, துண்டு போட்டு, முழுசா எரிக்கணும், அது கர்த்தருக்கு சுகந்த வாசனைன்னு. இவன் எந்திரிச்சு "ஆடு என்ன பண்ணுச்சு, சாமிக்கு கறி கருகுற வாசம் புடிக்குமா"ன்னு கேட்டுட்டான். அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுன்னு உக்கார வெச்சுட்டாங்க. அதுலருந்து கிளாஸுக்கு வரமாட்டேங்கறான். எனக்கும் பதில் தெரியல. அப்ப கேட்ட கடவுள் இப்ப ஏன் கேக்கல? யூதர்கள் இன்னும் பண்றாங்களா?
— ஒரு அம்மா, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தங்கச்சி, உங்க பையன் தப்பா எதுவும் கேக்கல, மொதல்ல அவன கூப்புட்டு இத சொல்லிருங்க. அவன் கேட்டது பைபிள்லயே இருக்கு, அதுவும் கடவுள் வாயாலயே. 50-ம் சங்கீதத்த எடுத்துப் பாருங்க, எனக்குப் பசிச்சா உன்கிட்டயா சொல்லுவேன், நான் எருது மாம்சம் தின்னு கடா ரத்தம் குடிப்பேனான்னு அவரே கேக்குறார். இன்னொரு இடம் ஆதியாகமம் 22. ஈசாக்கு தோள்ல விறகு சுமந்துக்கிட்டு மலை ஏறுறான், நெருப்பு இருக்கு, விறகு இருக்கு, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கப்பான்னு கேக்குறான். அந்தப் புள்ளைய யாரும் வாயை மூடுன்னு சொல்லல. ஆபிரகாம் "என் மகனே"ன்னு கூப்புட்டுத்தான் பதில் சொல்றார்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நம்ம பைபிள்ல சர்வாங்க தகனபலின்னு இருக்குறதுக்கு, கத்தோலிக்கர் எரிபலின்னு சொல்றதுக்கு, எபிரேயத்துல வார்த்தை 'ஓலா'. மேல ஏறிப்போறதுன்னு அர்த்தம். பலிகளுக்கு எல்லாம் பொதுவான பேரு 'கொர்பான்', அதோட வேர் கிட்ட வர்றது, நெருங்குறதுங்கிற சொல்லு. இந்த ரெண்டு வார்த்தைய புடிச்சுக்கிட்டாலே பாதி விளங்கிரும், ஏன்னா நம்ம மனசுல பலின்னாலே தண்டனை, பாவம், ரத்தம்னு மட்டும்தான் பதிஞ்சு கெடக்கு.

உங்க ஊர்ல அசனம் நடக்கும்ல, ஆடு அடிச்சு சோறாக்கி கோயில்ல எல்லாரும் பந்தியில உக்காந்து சாப்புடுறது, அந்த மாதிரி இஸ்ரவேலர்கிட்டயும் ஒரு பலி இருந்துச்சு, சமாதான பலின்னு. அதுல கொழுப்பு பலிபீடத்துக்கு, ஒரு பங்கு ஆசாரியனுக்கு, மிச்சம் குடும்பமா உக்காந்து சாப்புடுவாங்க. ஓலாவுல அது கிடையாது. யாருக்கும் ஒரு வாய் கறி இல்ல. தோல் மட்டும் ஆசாரியனுக்கு, மத்தபடி மொத்தமும் நெருப்புக்கு. மந்தைதான் சொத்து, மந்தைதான் பேங்க்னு இருந்த ஜனங்க, அதுலயும் பழுதில்லாத கடாவா பாத்து, எனக்குன்னு இதுல ஒண்ணும் எடுத்து வெச்சுக்கலன்னு சொல்லிக் குடுக்குறது அது. கொண்டு வந்தவன் மிருகத்தோட தலைமேல கைய வைக்கணும். வெட்டுறதும் அவனே வெட்டலாம், லேவியராகமம் அப்படித்தான் சொல்லுது, ரத்தத்த தெளிக்கிறதுல இருந்துதான் ஆசாரியன் வேலை. காசு குடுத்துட்டு ஓரமா நிக்க முடியாது, அந்த உயிரோட சூடு கையில படும்.

ஆடு என்ன பண்ணுச்சுன்னா, ஒண்ணும் பண்ணல. அத அப்படியே ஒத்துக்குங்க, மழுப்பாதீங்க, அந்த அதிகாரத்துலயே ஆட்டு மேல ஒரு குத்தமும் இல்ல. 13-ம் நூற்றாண்டுல நாக்மானிதேஸ்னு ஒரு பெரிய ரப்பி, அதாவது யூத வேத குரு, பலி குடுக்குறவன் 'இது எனக்கு நடந்திருக்க வேண்டியது'ன்னு நெனைக்கணும்னு எழுதினார். அவருக்கு முன்னாடி 12-ம் நூற்றாண்டுல மைமோனிதேஸ்ங்கிற இன்னொரு ரப்பி, சுத்தியிருந்த ஜனங்க எல்லாம் மிருகபலி குடுத்தே பழகியிருந்த காலத்துல ஒரேயடியா விடச் சொன்னா மனுஷனால முடியாது, அதனால கடவுள் அத தனக்குன்னு திருப்பி, ஒரே இடத்துக்குன்னு சுருக்கி, மெல்ல மெல்ல வெளிய கொண்டு வந்தார்னு சொன்னார். நாக்மானிதேஸ் அத ஏத்துக்கல, கோவமாவே மறுத்தார். எனக்கு மைமோனிதேஸ் சொல்றதுதான் மனசுக்கு நெருக்கமா இருக்கு. நாக்மானிதேஸ் சொன்னத மட்டும் 11 வயசுப் புள்ளகிட்ட இப்பவே சொல்லாதீங்க, ராத்திரி தூங்க மாட்டான்.

எருசலேம் ஆலயத்துல தினமும் காலையில ஒரு ஆட்டுக்குட்டி, சாயங்காலம் ஒண்ணு, ஊருக்காக எரியும். இதுக்கு 'தாமித்'னு பேரு, எப்பவும்னு அர்த்தம். மிஷ்னாங்கிற யூத நூல்ல இது எப்படி நடந்துச்சுன்னு ஒவ்வொரு அசைவா எழுதி வெச்சிருக்காங்க. விடியுறதுக்கு முன்னாடி ஒரு ஆசாரியன் கையில விளக்கு இல்லாம, பலிபீடத்து நெருப்பு வெளிச்சத்த மட்டும் வெச்சுக்கிட்டு சாம்பல் அள்ளப் போவான். அந்தக் குட்டிய வெட்டுறதுக்கு முன்னாடி தங்கக் கிண்ணத்துல தண்ணி குடிக்கக் குடுப்பாங்க. இது எல்லாத்தையும் சரி பண்ணிருச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா பாட்டில்ல பால் குடுத்த புள்ளைக்கு இந்தத் தங்கக் கிண்ணம் புரியும்.

வாசனைய பத்தி கேட்டானே, அதுக்கு ஒரு அருமையான பதில் இருக்கு. மாடு குடுக்க வசதியில்லன்னா ஆடு, ஆடும் முடியாதுன்னா புறா. புறாவ எரிக்கிறப்ப றெக்கைய கிழிக்கணும், ஆனா தனியா பிச்சு எடுக்கக் கூடாது, அப்படியே நெருப்புல வைக்கணும்னு அதே முதல் அதிகாரத்துல இருக்கு. கோழி றெக்கை தீயில பட்டா என்ன நாத்தம் அடிக்கும்னு நம்ம ஊர்ல யாருக்குத் தெரியாது! பழைய ரப்பிமாரும் இதையேதான் கேட்டாங்க, சாதாரண மனுஷனுக்கே குமட்டுற வாசம், அத ஏன் அப்படியே எரிக்கச் சொல்லணும்னு. அவங்க சொன்ன பதில், ஏழையோட பலி பீடத்துமேல நெறைவா, அழகா இருக்கணும்னுதான் அப்படின்னு. அந்த நாத்தத்துக்கும் வேதத்துல சுகந்த வாசனைன்னுதான் பேரு, மாட்டுக்கு என்ன வார்த்தையோ அதே வார்த்தை. நெறைய குடுத்தாலும் கொஞ்சம் குடுத்தாலும் மனசு மேல நோக்கி இருந்தா சரின்னு மிஷ்னா இத வெச்சே சொல்லுது. நான் இத மொதல்ல படிச்சப்ப புத்தகத்த மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். லூக்கா 2-ல மரியாளும் யோசேப்பும் குழந்தைய தூக்கிட்டு ஆலயத்துக்கு வந்தப்ப பறவை ஜோடியத்தான கொண்டு வந்தாங்க, ஆட்டுக்குட்டிக்கு வக்கில்லாதவங்க குடுக்குறது அது, அதுல ஒண்ணு இதே சர்வாங்க தகனபலிக்குத்தான்.

இப்ப யூதர்கள் இத பண்றது இல்ல. கி.பி. 70-ல ரோமர்கள் ஆலயத்த இடிச்சு எரிச்சுட்டாங்க, வேற எடத்துல பலி குடுக்க உபாகமத்துல அனுமதி இல்ல, அதோட நின்னுபோச்சு. அந்த இடிபாட்ட பாத்து ஒரு ரப்பி, நம்ம பாவம் தீர்ற இடம் போச்சேன்னு அழுதப்ப, யோகனான் பென் சக்காய்ங்கிற ரப்பி அவர்கிட்ட, மகனே வருத்தப்படாத, அதுக்குச் சமமா இன்னொண்ணு இருக்கு, அன்பான செயல்கள்னு சொல்லி, ஓசியா 6:6-ல 'பலியை அல்ல இரக்கத்தையே விரும்புறேன்'னு இருக்குறத காட்டினாராம். காலை ஜெபமும் மத்தியான ஜெபமும் அந்த ரெண்டு ஆட்டுக்குட்டிங்க இடத்துலன்னு தல்முத்ங்கிற யூத நூல் சொல்லுது, காலை ஜெபத்துல அந்தப் பலியோட வசனங்கள இன்னைக்கும் வாசிக்கிறாங்க. ஆலயம் திரும்ப வரணும்னு ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் ஜெபிக்கிறாங்க, சீர்திருத்த யூதர்கள் அந்த வரிகளையே எடுத்துட்டாங்க. யூதர்களோடது வெறும் சடங்கு, நம்மளோடதுதான் இருதயம்னு பிரசங்கத்துல சொல்றாங்க பாருங்க, அத பையனுக்கு சொல்லிக் குடுத்துறாதீங்க தங்கச்சி, அது நியாயமே இல்ல. இன்னொண்ணும் சொல்லணும், ஹிட்லர் 60 லட்சம் யூதர்கள கொன்னதுக்கு ஹோலோகாஸ்ட்னு சொல்றோம்ல, அது இந்த ஓலாவோட கிரேக்கப் பேருல இருந்து வந்தது, முழுசா எரிஞ்சதுன்னு. அந்தக் கொலைய கடவுளுக்குக் குடுத்த பலி மாதிரி காட்டுதேன்னு யூதர்கள் பலருக்கு அந்த வார்த்தையே வலிக்குது, ஷோவான்னுதான் சொல்லுவாங்க, பேரழிவுன்னு அர்த்தம்.

நம்ம பக்கம், எபிரெயர் நிருபம் சொல்றபடி, கிறிஸ்து ஒரே தரம் தன்னையே குடுத்தார், அதுக்கப்புறம் ஆடு தேவையில்ல. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை 3 மணிக்கு முடியுதுல்ல, இயேசு உயிர் விட்டதா சுவிசேஷம் சொல்ற ஒன்பதாம் மணி நேரம், ஆலயத்துல சாயங்கால ஆட்டுக்குட்டிக்கு நேரமும் கிட்டத்தட்ட அதுதான். கத்தோலிக்கர் பூசைய திருப்பலின்னே சொல்றாங்க, அதே ஒரு பலி அங்க பீடத்துல நிக்குதுன்னு அவங்க விசுவாசம். நம்ம சபைகள்ல அப்படி சொல்றதில்ல, நன்றியும் நினைவுகூருதலும்னு சொல்றோம். ரோமர் 12-ல பவுல் உங்க சரீரத்த ஜீவபலியா குடுங்கன்னு எழுதுறார், அதாவது சாகாத பலி, நாள் பூரா நடந்துக்கிட்டு இருக்குற பலி.

பையனுக்கு இதெல்லாம் ஒரே நாள்ல சொல்ல வேண்டாம். பிலிப்பியர் 4:18-அ மட்டும் அவன்கூட உக்காந்து வாசிங்க. பவுல் ஜெயில்ல இருக்கார், பிலிப்பி ஊர்க்காரங்க எப்பாப்பிரோதீத்துங்கிற ஒருத்தர்கிட்ட அவருக்கு வேண்டியத குடுத்து விடுறாங்க. அது கெடைச்சதும் அதுக்கு பவுல் எழுதுற பேரு சுகந்த வாசனை. லேவியராகமத்துல வர்ற அதே வார்த்தை. கடவுளுக்கு எந்த வாசம் புடிக்கும்னு அவன் கேட்டான்ல, இத காட்டுங்க. கிளாஸுக்கு இப்பவே போன்னு அவன வற்புறுத்தாதீங்க, டீச்சர நீங்க தனியா ஒரு நாள் பாத்து, அவன் கேட்டது 50-ம் சங்கீதத்துல இருக்குன்னு பொறுமையா சொல்லுங்க, அவங்களுக்கும் பதில் தெரியாம பதறியிருக்கலாம். லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போறப்ப அந்தக் குட்டிய அவன் கண்ணுல காட்டுங்க. அத வளர்க்கிறதா விக்கிறதான்னு முடிவு பண்றப்ப அவனையும் கூட வெச்சுக்குங்க.